ஒரு டம்ளர் தண்ணீர் நேரம்

ஜான்சி தண்ணீரை மெல்லத்தான் குடிப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். டம்ளர் காலியாகும்வரை, வந்தவளை எழுந்து போகச் சொல்ல எவருக்கும் மனம் வராது. "தண்ணி உள்ள போவ போவ பேச்சு வெளிய வரும். அப்பறம் பாத்ரூம் தேடறதுதான் பெரும்பாடு" என்பார்.

குழந்தைகளைச் சீரழித்துச் சிறைக்குப் போய்த் திரும்பியவர்கள் மறுபடியும் அதையே செய்கிறார்களா என்று விசாரிப்பது அவர் வேலை. அதற்காக அவரை அனுப்பும் ஆய்வுக் குழு இருப்பது சிதம்பரத்தில். அங்கிருந்து கடலூர் வரை ஸ்கூட்டியில் சுற்றுகிறார். சிப்காட் ரசாயன ஆலைகளைக் கடக்கும்போது துப்பட்டாவால் மூக்கை இறுக்கிக் கட்டி, உள்ளுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே போவார்.

குழுத் தலைவர் வைத்திலிங்கத்துக்கு, புது வழக்கு இல்லையென்றால் ஆள் திருந்திவிட்டான் என்று கணக்கு. "எங்க ஊர்ல கேசு வராது சார். பொண்ணுதான் ஊர விட்டுப் போவும்" என்று ஜான்சி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "யாராவது வாயால சொல்லட்டும்மா, சேத்துக்கலாம்" என்றார் அவர். அன்றிலிருந்து ஜான்சி அந்த ஆட்களைப் பற்றித் தெருவில் கேட்பதில்லை. எந்தப் பெண் திடீரென்று பள்ளிக்கூடம் மாறிப் போனாள் என்றுதான் கேட்கிறார்.

அப்படிக் கேட்டுத்தான் அமிர்தத்தின் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டில் பக்கிரி, சிறையிலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. அமிர்தத்தின் மூத்த மகள் பொங்கல் கழிந்ததும் மங்கலம்பேட்டைச் சித்தி வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. சின்னவள் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். இந்த மாதத்தோடு ஆய்வு முடிகிறது. எவரும் வாய் திறக்காவிட்டால் குழுவின் கணக்கில் பக்கிரி திருந்தியவராகிவிடுவார். அதற்குப் பிறகு அந்த வீட்டை எட்டிப் பார்க்க ஆள் வராது.

"பெரியவ எதுக்குக்கா அங்க போனா?"

அமிர்தம் எதிர்வீட்டைப் பார்த்தார். "அத ஏன் கேக்குற. அந்த ஆளு..."

"இருங்கக்கா." இந்த இடத்தில் ஜான்சி நிறுத்தித்தான் ஆகவேண்டும். "நீங்க சொல்லிட்டா நான் போலீசுல சொல்லியாவணும். மறைச்சா சட்டப்படி எம்மேல குத்தம். அத மொதல்லயே சொல்லிடறேன்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அமிர்தம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கோர்ட்டு, ஆஸ்பத்திரின்னு புள்ளய இழுத்தடிப்பாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்ள பாக்க வேணாமா? படிக்கத்தான் போயிருக்கா. ஒண்ணும் நடக்கல. அப்டியே எழுதிக்க."

கைப்பேசித் திரையில் 'மறுபடியும் குற்றம் செய்தாரா?' என்ற கேள்விக்குக் கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள். ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது. ஜான்சியின் விரல் 'இல்லை'க்கு மேலேயே நின்றது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கிரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

"அடியே, உள்ள வாடி" என்றார் அமிர்தம். ஆட்டம் முடியவில்லை என்று சின்னவள் ஒற்றைக்காலில் நின்றபடியே சொன்னாள்.

ஜான்சி கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். காலி டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா."