எங்கள் ஏசி கார்

அணுபுரம் குடியிருப்பில் எங்கள் தெருவிலேயே ஏசி கார் வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அது குளிராது என்பது வேறு விஷயம். கூடுவாஞ்சேரியில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வந்தாலே அம்மாவுக்கு வெயிலில் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்காகவே அப்பா தேடித் தேடி வாங்கிய பழைய கார். வாங்கியது கார்த்திகை மழையில், ஏசியைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கோடை வந்ததும், "கேஸ் கொஞ்சம் கம்மியா இருக்கு, அடிச்சிடலாம்" என்றார் அப்பா. அடுத்த கோடையிலும் அதையேதான் சொன்னார். அம்மாவோ, தெருமுனை தாண்டும்வரை கண்ணாடியை இறக்கவே விடமாட்டாள். உள்ளே நாங்கள் வெந்துகொண்டிருப்போம்.

அம்மாவின் தம்பி கூடுவாஞ்சேரியில் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த மாமா, மேடு கண்டால் திணறுகிற எங்கள் காரைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டாததையெல்லாம் கழற்றினால் இன்ஜின் மூச்சுவிடும் என்றார். எவனோ மாட்டியிருந்த இரண்டாவது ஹாரன், எங்கும் போய்ச் சேராத ஒயர்கள் எல்லாம் வெளியே வந்தன. அடுத்து ஏசி கம்ப்ரஸரில் ஸ்பானரை வைத்தார்.

"அது இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா, அவசரமாக.

"இன்னாத்துக்கு மாமா? கேஸ் போற பைப்பே இல்ல, எவனோ எப்பவோ கழட்டிகினு போய்ட்டான். இது சும்மா சுத்திகினு இன்ஜினைப் புடிச்சி இழுக்குது. வாங்கசொல்ல பாக்கலியா?"

அப்பா கறையே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டார். காபியோடு வந்த அம்மாவின் காதில் இது விழுந்திருக்கக்கூடாதே என்பதுதான் அவர் கவலை. விழாமல் எப்படி இருக்கும், மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"இன்னாடா உளர்ற? போன வாரம்கூட ஜில்லுனு வந்துச்சே" என்றாள் அம்மா.

"இல்லம்மா, எனக்கு வேர்த்துச்சு" என்று நான் உண்மையின் பக்கம் நின்றேன். அம்மா தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"வண்டி இழுக்கலன்னா கழட்டிடு. அந்த ஸ்விட்ச்ச மட்டும் தொடாத" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா தலையில் அடித்துக்கொண்டு கம்ப்ரஸரைக் கழற்றி வாசலில் வைத்தார்.

மாலையில் நாங்கள் மூவரும் மாமல்லபுரத்துக்குக் கிளம்பினோம். கார் பறந்தது. புதுப்பட்டினம் தாண்டியதும் அம்மா கையை நீட்டி ஏசி ஸ்விட்ச்சைப் போட்டாள். கண்ணாடிகள் ஏற்றியே இருந்தன. சற்று நேரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் கொறைங்க, குளிருது" என்றாள்.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு வெகு கவனமாகக் குமிழைத் திருப்பினார்.

"இப்போ?"

"இப்போ பரவால்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஷினு வூட்டு வாசல்ல கெடக்குதும்மா!" என்று கத்தினேன். அப்பா சிரித்தார். சிரிக்கிறவர் எதற்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அம்மாவுக்குக் குளிர்ஜுரமோ என்று பயந்து, பின்சீட்டிலிருந்து எட்டி அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இந்த அம்மாவுக்குக் குளிருக்கும் வெயிலுக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லையே என்று எனக்கு ரொம்பக் கவலையாகிவிட்டது.