தடுக்க ஆள் இல்லாத மூளை

தொண்ணூறுகளில் நான் பெங்களூரில் எலி மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மூளையில் 'போ' என்று தூண்டும் செல்களும் உண்டு, 'நில்' என்று தடுக்கும் செல்களும் உண்டு. தடுப்பவை சோர்ந்துபோனால் மற்றவை ஒன்றாகச் சேர்ந்து கூச்சல் போடும், வலிப்பு வரும். எங்கள் ஊரான தச்சநல்லூர் முழுக்க என்னைப் பெரிய டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தார் அப்பா. வீட்டுக்குள் மட்டும் நான் எலி பிடிக்கிறவன்.

அக்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட ஆரம்பித்த பிறகு வருடக்கணக்காக வரவில்லை. நான் விடுமுறைக்கு வந்த அன்று மாலை, அம்பாசமுத்திரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதை முன்னிட்டு அம்மா இரண்டு நாளாக மாத்திரையை நிறுத்தியிருந்தாள். போட்டால் கண் சொருகுகிறதாம், வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களாம். அதுதான் வலிப்பே வருவதில்லையே, பிறகு எதற்கு மாத்திரை என்றும் கேட்டாள். குடை பிடித்து வந்தவர், நனையவில்லையே என்று நடுமழையில் குடையைத் தூக்கி எறிகிற கதை.

திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும், உயிருக்கே ஆபத்து என்று கத்தினேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஏலே, நீ எலியப் பாரு. மனுசங்கள நாங்க பாத்துக்கிடுதோம்."

ஆத்திரத்தோடு கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து அக்காவிடம் கொடுத்தேன். மூளையில் தடுக்கிற செல்களுக்கு இது கை கொடுக்கும் என்று விளக்கினேன். ஆற்றில் இறங்காதே, அடுப்புப் பக்கம் போகாதே, சைக்கிளைத் தொடாதே என்று கேட்டே வளர்ந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ எனக்குத் தடுக்க ஆள் பத்தலைன்னு சொல்லுத. இந்த வீட்டுலயா லே?"

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாலையில் மாப்பிள்ளை தாய் தகப்பனோடு வந்தார். மாப்பிள்ளையின் தங்கச்சி வரவில்லையா என்று எங்கள் அம்மா விசாரித்தாள். உடம்பு சரியில்லை என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சாதாரணக் காய்ச்சல்தான் என்று கேட்காமலேயே சேர்த்துச் சொன்னார். பெண்ணுக்கு நோய்நொடி உண்டா என்று அடுத்து அவர் கேட்க, தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை என்றார் அப்பா. காப்பி கொடுத்துக்கொண்டிருந்த அக்கா முந்தானையை அவிழ்த்தாள். மாப்பிள்ளைக்கு வைத்திருந்த வெள்ளி டம்ளர் தண்ணீரை எடுத்து மாத்திரையை விழுங்கினாள்.

"எனக்கு வலிப்பு உண்டு. இது போட்டா வராது."

அப்பா சத்து மாத்திரை என்று ஏதோ முனகினார். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு, போய்க் கடுதாசி போடுவதாகச் சொல்லி எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தபால்காரருக்கே தெரியும்.

மாப்பிள்ளை செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் பின்தங்கினார். தன் அம்மா தெருமுனை தாண்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுப் பைய கேட்டார்.

"அந்த மாத்திரைய நிறுத்தினா ஆபத்தா சார்? எங்க தங்கச்சிக்கும் வலிப்பு உண்டு, எங்கம்மா மாத்திரைய நிறுத்திட்டா. குலசை அம்மனுக்கு நேர்ந்தாச்சு, இனி மாத்திரை வேண்டாம்னு சொல்லுதா."

ஆபத்துதான், மூளையில் தடுக்கிற செல்கள் சோர்ந்துபோகும் என்று விளக்கி, உடனே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். என் ஆராய்ச்சியை அக்கறையாகக் காதில் வாங்கிய முதல் மனிதர் அவர்தான். தலையாட்டிவிட்டு, அம்மா கூப்பிட்டதும் ஓடினார்.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். மிஞ்சிய பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"பாவம் லே அந்தத் தங்கச்சிப் பிள்ளை. அங்கயும் அம்மாவத் தடுக்க ஆள் பத்தலை போல."