இன்ஜினியர் மாப்பிள்ளை

ஓடுகிற கார் மிஸ்ஸிங் அடித்தால் எனக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் தெரிந்துவிடும். நாலு சிலிண்டரில் ஒன்று வேலைநிறுத்தம் செய்யும், மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்கும், வண்டி நொண்டும். என் மைத்துனியின் கல்யாணத்தன்று, படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சர்ச்சுக்குப் போகும் வழியில், மணப்பெண் ஏறியிருந்த வாடகைக் கார் அப்படித்தான் நொண்டியது. முன் சீட்டில் டிரைவருக்கும் மாமனாருக்கும் நடுவே, பட்டு வேட்டியில் நான். அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கக்கூடியவன் அந்தக் காரில் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கக் கூடாதவனும் நான்தான்.

காரணம் என் மாமனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். பொய் சொன்ன பையனை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கிறவர். எனக்குப் பெண் கொடுத்தபோது நான் மெட்ராஸில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஐ.டி.ஐ. படித்த மெக்கானிக். அதைச் சொந்தக்காரர்களிடம் 'இன்ஜினியர்' என்று சொல்லிவிட்டார். ஒரு வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் சுங்குவார்சத்திரத்தில் பெங்களூர் ரோட்டோரம் ஒரு ஓலைக் கொட்டகை போட்டு ஷெட் வைத்தேன். தொழில் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மாமனார் வாயில் நான் இன்ஜினியராகவே இருந்தேன். நடுவில் ஒரு பிரமோஷன்கூடக் கொடுத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

என் மனைவி அந்தப் பொய்யில் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை. "வூட்டுக்காரரு எந்தக் கம்பெனி?" என்று யாராவது கேட்டால் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அப்பாவை எதிர்த்துப் பேச முடியாமல் ஒதுங்குகிறாள், மனசுக்குள் என் பக்கம் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உலகமே என்னைப் பற்றி வெட்கப்பட்டாலும் இவள் வெட்கப்படவில்லை என்பதில் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. அந்தத் தெம்பில்தான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி அந்தக் காரில் ஏறினேன்.

ஒரகடம் ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறவில்லை. இரண்டு முறை குலுக்கிவிட்டு நின்றது. பின்னால் வந்த வேனும் நின்றது. பெண்ணை அழைத்துப்போக வந்திருந்தவர், கல்யாண மாப்பிள்ளையின் சித்தப்பா, அதிலிருந்து இறங்கினார். கலெக்டர் ஆபீஸில் பெரிய உத்தியோகம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

டிரைவர் பானெட்டைத் திறந்தான். "காத்தால நல்லாத்தான் சார் வந்துச்சி. பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்க போல" என்றான். கார்புரேட்டரைக் கழற்றப் போனான். இல்லையடா, பெட்ரோல் இல்லை, கரண்டு என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. காலையில் கல்யாண வீட்டில் பார்த்தேனே! பானெட் மேல் மல்லிகைச் சரம் சுற்றி, பூ வாடக் கூடாது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் தெளித்தார்கள். அது பானெட் இடுக்கு வழியாக எங்கே இறங்கும்? நேராக, பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி ஈரத்தில் வழி தவறிப் போகும்.

நான் இறங்கப் பார்த்தேன். மாமனார் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். "நீங்க ஒக்காருங்க மாப்ளே. டிரைவர் பாத்துப்பான்."

டிரைவர் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பின் சீட்டில் மணப்பெண் அழ ஆரம்பித்தாள். கடைசியில் அவன் போய், மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் தலையைச் சொறிந்தான். "சார், சுங்குவார்சத்திரத்துல ஒரு ஷெட்டு கீது. அந்த மெக்கானிக்கு கை வச்சா வண்டி பேசும்னு சொல்றாங்க. வேனைக் குடுத்தீங்கன்னா ஒரு எட்டு போயி கூட்டியாந்துர்றேன்."

சுங்குவார்சத்திரத்தில் அப்போது இருந்ததே ஒரு ஷெட்தான். மாமனாரும் நானும் ஒரே நேரத்தில் கால் கட்டைவிரலைப் பார்த்தோம். வேன் அங்கே போனால் என் ஷெட் பையன்கள், "அண்ணன் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போயிருக்காரே" என்பார்கள். என்னைத் தேடி என்னிடமே வந்து நிற்பார்கள். மாமனாரின் கை என் தொடையிலிருந்து தானாகவே நழுவியது.

இறங்கிப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டி, டிரைவரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இன்ஜின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் பிடித்துப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிடுங்கியதும் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால் அதுதான் செத்தது. முதல் ஒயர், இறங்கியது. இரண்டாவது, இறங்கியது. மூன்றாவதைப் பிடுங்கினேன், இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. நாலாவதைத் தொட்டபோது, அதற்குள் ஈரமாகியிருந்த கைக்குட்டை வழியாகக் கரண்டு என் தோள்வரை உதைத்தது. ஷெட்டில் தினம் பத்து தடவை சொல்லும் வார்த்தை, எதிராளியின் தாயாரைப் பற்றியது, சத்தமாக வெளியே வந்துவிட்டது. சித்தப்பா வானத்தைப் பார்த்தார். எனக்கு அந்த ஏரியிலேயே இறங்கிவிடலாம் போல இருந்தது.

இன்ஜினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டித் திறந்தேன். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர், மூன்றாவது முனையில் ஒரு மல்லிகை இதழ்கூட ஒட்டியிருந்தது. அங்கவஸ்திரத்தால் துடைத்து, ஊதி, வெயிலில் காட்டி, ஒயர் முனைகளையும் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் பண்ணியதும் இன்ஜின் சீராக ஓடியது. ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துபோனது. அந்தச் சத்தத்துக்காகத்தானே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

டிரைவர் கண் விரிய, "அண்ணே, எந்த ஷெட்டு நீங்க?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் மாமனார் சொன்னார்: "ஷெட்டா? கம்பெனில இன்ஜினியருப்பா அவரு. ஆபீஸ்ல ஒக்காந்துகினே இதெல்லாம் சொல்லிடுவாரு."

"அதானே பாத்தேன்" என்றார் சித்தப்பா. "படிச்சவங்க தொட்டா தனிதான்."

நான் சிரித்தேன். மறுக்கவில்லை. என் பதினைந்து வருஷ வேலையை எடுத்து, இல்லாத ஒருவனுக்கு என் கண்ணெதிரே கொடுத்தார்கள், நானும் கூடச் சேர்ந்து கொடுத்தேன். அந்த மேட்டில் எனக்கு வந்த வெட்கம் கரி பட்ட வேட்டியைப் பற்றியதல்ல.

சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றாலும், முதல் வரிசை குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருந்ததால் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெபம் நடக்கும்போது அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் போர்த்தினாள். நாலு பேர் பார்க்க அவள் என் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இவள் ஒருத்தி போதும், இவள் அப்பா என்னை என்ன வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். சித்தப்பா பக்கத்திலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். வாங்கக் கையை எடுத்தேன். அவள் விடவில்லை. முந்தானைக்குள் இன்னும் இறுக்கிப் பிடித்து, காதோரம் சொன்னாள்:

"வேணாங்க, நகத்துல கரி தெரியுது. புஸ்தகத்தை நான் புடிச்சிக்கிறேன்."

அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பாடினேன்.