சேர்க்காத வரைக்கும் துணி

பஞ்சுப் போர்வையை முழுசாக வைத்துத் தைக்க வீட்டுத் தையல் மெஷின் தோதுப்படாது. ஊசிக்கு வலப்பக்கம் இருக்கும் சந்தில் ஒரு முழுப் போர்வையைச் சுருட்டித் திணித்தால் துணிக்கும் கஷ்டம், தைப்பவளுக்கும் கஷ்டம். அதனால் நான்கு துண்டுகளாகத் தைத்தேன். ஒவ்வொன்றிலும் மேல்துணி, நடுவில் பஞ்சு ஷீட், கீழே அடித்துணி. மூன்றையும் பிடித்துக் கோடுகோடாகத் தையல் ஓட்ட வேண்டும். ஆனால் ஓரத்துக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே தையலை நிறுத்திவிட வேண்டும். அந்த ஓரம் திறந்து கிடந்தால்தான் பிறகு பக்கத்துத் துண்டோடு சேர்க்க முடியும்.

இந்த நிறுத்துகிற வேலை இருக்கிறதே, அதுதான் எங்களைப் போன்ற பனியன் கம்பெனிக்காரிகளுக்கு வராது. ஓரம்வரை ஓட்டி ஓட்டிப் பழகிய கால், பெடலை விடாது. முதல் துண்டைக் கடைசிவரை தைத்துவிட்டு, என்னையே திட்டிக்கொண்டு பிரித்தேன்.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். அருள்புரத்தில் வாடகை வீடு. கைக்குழந்தைக்கு எதற்கு இரட்டைக் கட்டில் அளவில் போர்வை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை நானும் அதற்குள்தான் படுப்பேன், உங்களுக்கு இடமில்லை என்றேன்.

எங்களோடு இருந்த மாமியாருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பிறக்காத குழந்தைக்குப் புதுசாக எதுவும் செய்து வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டித் துணியில்தான் சுற்றுவார்கள். ஆனால் அத்தைக்கு அந்தப் பூப்போட்ட துணி ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார்.

“துண்டு துண்டாவே இருக்கட்டும் கண்ணு. சேத்தாத வரைக்கும் அது துணி. சேத்துனாத்தான் போர்வை. கொழந்த வந்தப்பறம் சேத்திக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கடவுளை ஏமாற்றவும் ஒரு சந்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டுக்கொண்டேன். நான்கு துண்டுகளையும் மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போனேன்.

பெண் குழந்தை. பிறந்தது, அழவில்லை. கொடி சுற்றியிருந்தது, யார் மேலும் தப்பில்லை என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுபடி அருள்புரம் வந்து வேலைக்கும் போனேன். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுப்பவள் என்று தையல் லைனில் எனக்குப் பெயர். இப்போது அவர் கத்தினால் யாரையோ திட்டுகிறார் என்றிருந்தது. வருத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. மரத்துப்போன காலை வைத்துக்கொண்டு நடப்பதுபோல நடந்தேன்.

வீட்டில் அத்தை என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். சோறு போட்டு வைப்பார், என் முகத்தைப் பார்க்க மாட்டார். போர்வை தைத்தவள் நான்தானே, என்னால்தான் குழந்தை போனது என்று நினைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேஸ்ட் துணி எடுக்க வண்டி வரும் சத்தம் கேட்டது. அந்தத் துண்டுகளைப் போட்டுவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். இரண்டு துண்டுகள் தனித்தனியாக வந்தன. மூன்றாவது கையில் கனத்தது. விரித்துப் பார்த்தால், இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தையல் போட்டிருந்தது. என் தையல் இல்லை. போகப்போகக் கோணலாகி, நடுவில் ஒருமுறை நூல் அறுந்து மறுபடி தொடங்கியிருந்தது.

திரும்பினால் அறை வாசலில் அத்தை நின்றிருந்தார்.

“நாந்தான்,” என்றார். “நீ உங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தியே, அப்ப. சேத்துனா எப்படி இருக்கும்னு ஒருக்காப் பாத்துப்போடலாம்னு ஆசை கண்ணு. சேத்த வேண்டாம்னு உன்ர கிட்டச் சொன்னதும் நாந்தான், சேத்திப்போட்டதும் நாந்தான். எந்த மொகத்தோட உன்னப் பாப்பேன்?”

இத்தனை மாதமும் அவர் பேசாமல் இருந்தது இதற்காகத்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னால் அவருக்கு ஏறாது. கை தன்பாட்டுக்குத் துணியைத் திருப்பியது. பின்பக்கம் பஞ்சும் அடித்துணியும் இரண்டு ஓரமாகப் பிரிந்து வாய் திறந்து கிடந்தன. அத்தை மேல்துணியை மட்டும் பிடித்து ஓட்டியிருந்தார்.

“இங்க பாருங்க அத்தை. இது மேல்துணி மட்டுந்தானுங்க. பஞ்சு சேரல, அடித்துணி சேரல. மூணும் சேந்தாத்தானுங்க சேத்துன கணக்கு.”

அத்தை கிட்டே வந்து அந்தத் திறந்த ஓரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“அப்ப இது சேரலையா?”

“சேரலைங்க அத்தை.”

“பனியன் கம்பெனில செக்கிங் பாத்தவ நானு,” என்றார். “ஒருக்காத் திருப்பிப் பாக்கோணும்னு தோணலையே.” அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வரவில்லை.

வண்டி போய்விட்டது. துண்டுகளை மறுபடி பீரோவில் வைக்கக் கை போகவில்லை. மீதி மேல்துணிகளை மெஷினில் சேர்த்தேன். பஞ்சை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வெட்டி, முட்டவைத்துப் பெருந்தையல் போட்டேன். பிறகு ஒரு அடித்துணியை இன்னொன்றின் மேல் மடித்து, ஊசியால் கைத்தையல். அத்தை ஓரத்தை இழுக்காமல் பிடித்துக்கொண்டே வந்தார். விளக்குப் போடும் நேரத்துக்கு முடிச்சுப் போட்டு நூலை அறுத்தேன்.

அத்தை போர்வையைத் திருப்பி, ஒவ்வொரு மூட்டாக விரலை ஓட்டி, செக்கிங் பார்ப்பதுபோலப் பார்த்தார். எங்கும் விரல் உள்ளே போகவில்லை.

“இப்பச் சேந்திருச்சு கண்ணு,” என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.