உப்புக் கிடங்கின் மாடியில் ஒரு வாசகசாலை

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சரித்திர டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பு ஜன்னலைத் திறந்தால் உப்பளம்தான். வெயில் ஏறிவிட்டால் அந்த வெளுப்பைப் பார்க்கவே கண் கூசும்.

ஒருநாள் சாயங்காலம், கூனிமேட்டைச் சேர்ந்த உப்பு வியாபாரி ஒருவர், பத்தாவது படித்துக்கொண்டிருந்த தன் மகளைக் கூட்டிப் போக வந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, இத்தாலியில ஏதோ ஒரு ஊராம். கம்பளி வித்தவங்க சேர்ந்து சித்திரம், சிலை, படிப்பு எல்லாத்துக்கும் திரும்ப உசுர் குடுத்தாங்கன்னு எம் பொண்ணு சொல்றா. நெசமா, இல்ல பரீட்சைக்குச் சொல்றதா?"

சிரித்துவிட்டேன். புளோரன்ஸ் நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வியாபாரத்தில் வந்த பணத்தைக் கொட்டிப் பழைய சுவடிகளைத் தேடி வாங்கினார்கள், ஓவியர்களைத் தங்கள் செலவில் வைத்துக் காப்பாற்றினார்கள், அந்த ஊரே மாறிப்போனது என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"கம்பளி விக்கிறவன் செஞ்சிருக்கான். உப்பு விக்கிறவன் செய்யக் கூடாதா?" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நாளில் தன் உப்புக் கிடங்கின் மாடியைக் காலி செய்து வாசகசாலை ஆக்கிவிட்டார். பாண்டிச்சேரிக்குப் போய்ப் புத்தகம் வாங்கி வரும் வேலை எனக்கு. மாதா கோயில் சொரூபச் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கும் ஒரு பெயின்டர் அண்ணனைப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து அழைத்து வந்தார். அவர் சுவர் முழுக்க ஒரு துறைமுகம் வரைந்தார். கப்பலுக்கு உப்புக்கூடை சுமக்கும் பெண்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்களின் முகத்தையே வைத்தார். அதைப் பார்க்க வந்த உப்பளத்துப் பெண்கள் அப்படியே படிக்கவும் உட்கார்ந்தார்கள். நான் எழுத்து சொல்லிக் கொடுத்தேன்.

அதில் ஒரு அக்கா ரொம்பக் கெட்டிக்காரி. ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்து, "டீச்சர், பஸ்ஸு போர்ட நானே படிச்சுட்டேன்! இத்தினி நாளா யாரையாவது கேட்டுத்தான் ஏறுவேன்" என்றாள். பாய் அதைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களுக்கு, அம்பாரங்களுக்கு, கீற்று வேயும் வேலைகூட ஆரம்பிக்கவில்லை. மத்தியானமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். நான் வாசகசாலைக்கு ஓடினேன். காற்றில் ஓடுகள் பறந்து, புத்தக அலமாரிகள் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கீழே, விலை பேசி முடித்து, பாயின் லாரியில் ஏற்றக் காத்திருந்த அம்பாரம். மலை மாதிரி இருந்தது. பாயிடம் இருந்ததோ பெரிய தார்ப்பாய் ஒன்றுதான்.

"மொதலாளி, உப்ப மூடிடலாமா?" என்று அவருடைய லாரி டிரைவர் கத்தினார்.

பாய் மாடியை நிமிர்ந்து பார்த்தார். "தார்ப்பாய மேல ஏத்துப்பா. உப்ப வெயில் திருப்பிக் குடுத்துடும். புஸ்தகத்த எது குடுக்கும்?"

நானும் பெயின்டர் அண்ணனும் தார்ப்பாயின் ஓரங்களை இழுத்துக் கட்டினோம். முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்பாரத்தைச் சுற்றி அந்தப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் சுமந்து குவித்த உப்பு, சேற்றோடு சேர்ந்து அவர்கள் காலைச் சுற்றி ஓடியது.

லோடு கிளம்பினால்தான் அவர்களுக்குக் கூலி என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மழை விட்ட பிறகு வகுப்புக்கு யாரும் வரவில்லை. அந்த அக்காவைத் தேடிப் போனேன். எனக்குப் பின்னால் பாய் வந்து நிற்பதைக் கவனிக்காமலே அவள் சொன்னாள்: "புஸ்தகம் நனையக் கூடாதுதான் டீச்சர். எங்க வயிறு மட்டும் காயலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தபோது பாய் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். லாரியை விற்றார். உப்புக்கு வாங்கியிருந்த முன்பணத்தைத் திருப்பித் தரவே அது சரியாகப் போனதால் கிடங்கையும் மாடியோடு விற்றார். எல்லாருக்கும் கூலி போய்ச் சேர்ந்தது. வாங்கியவருக்கு மூட்டை அடுக்க இடம் வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். பெயின்டர் அண்ணன் தன் பிரஷ்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பாமலே போனார். புத்தகங்களை எங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்தேன். உப்பளத்துப் பெண்கள் அங்கே எப்படி வருவார்கள்?

அதற்குப் பிறகு பாய் அடுத்தவர் லாரிகளுக்குத் தரகு பார்த்தார். என்னை வழியில் கண்டால், "புஸ்தகமெல்லாம் சௌக்கியமா டீச்சரம்மா?" என்று கேட்பார். அடுத்த வெயில் காலம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

கூனிமேட்டில் அவர் வீட்டுக்கு எதிரே பெண்களோடு நின்றிருந்தேன். அந்த அக்காவும் வந்திருந்தாள். ஆண்கள் அவர் உடல் இருந்த ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டது தப்பில்ல டீச்சர். ஆனா அந்த மனுசன் ஒரு பதிலும் சொல்லாம குடுத்துட்டுப் போனாரு பாருங்க... அதான் தாங்கல."

நல்லது செய்யப் போன கையாலேயே ஏழைகளுக்கு நஷ்டம் வந்துவிட்டது என்று தெரிந்ததும், அதை வாய் திறக்காமல் தன் தலையில் ஏற்றுக்கொண்ட ஒரு மனிதரைப் பார்த்தேன். அதைப் பெருமை என்று சொல்வதா, துக்கம் என்று சொல்வதா என்று இத்தனை வயதாகியும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.