பன்னிரண்டு மிட்யிம் பழங்கள்

டோரீன் பிக்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறேன், பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரே இந்த மணல் மண்ணில் எலுமிச்சையும் ரோஜாவும் நட்டு, மூட்டை மூட்டையாக எருவைக் கொட்டி மாரடித்தது. அவள் மட்டும் வாசலில் மிட்யிம் நட்டாள். எங்கள் கடற்கரை மணல்மேட்டில் தானாக முளைக்கிற, முழங்கால் உயரச் செடி. பட்டாணி அளவில் வெள்ளைப் பழம், மேலே சாம்பல் புள்ளிகள், கடித்தால் லேசாக இஞ்சி மணம்.

"சும்மா மண்ணுல கெடக்கறதப் போயி வீட்டுல வச்சு வளக்குறியே, கிறுக்கியா நீ?" என்பான் அவள் கணவன் லெஸ். சொல்லிக்கொண்டே ஒரு கை அள்ளித் தின்பான்.

அவளுக்கு ஒரே ஆசைதான். ஊர்க் கண்காட்சியின் பழத்தட்டுப் போட்டியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்க வேண்டும். தட்டில் பன்னிரண்டு பழம், எல்லாம் ஒரே அளவு. மூன்று வருடமாக நடுவர் ஆல்டர்சன் அவள் தட்டைத் தொடக்கூட இல்லை. புள்ளிகளைப் பார்த்ததும் அட்டையில் 'பூஞ்சை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அறுபது வருடமாக இதே கடற்கரையில் குடியிருக்கும் மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் நடுவருக்கு உதவியாள் நான். விதிப் புத்தகத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஒண்ணாவது ருசி பாக்கணும்னு போட்டிருக்கு சார்."

"செத்துப் போனா நீதாம்மா பொறுப்பு" என்று ஒன்றை வாயில் போட்டார். மெல்லும் வேகம் மெல்லக் குறைந்தது.

"இன்னொண்ணு பாக்கணும். எல்லாம் ஒரே ருசியான்னு தெரியணுமில்ல" என்றார்.

அப்புறம் பதம் சரியா என்று ஒன்று. அப்புறம் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. தட்டு காலியான பிறகுதான் அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. ருசி பார்த்தது போக மீதி மாலைவரை தட்டில் இருந்தால்தான் பரிசு, அதுவும் விதிதான். ரிப்பன் யாருடைய எலுமிச்சைக்கோ போயிற்று.

காரில் ஏறியதும் டோரீனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"பன்னெண்டையுமா?"

"பன்னெண்டையும்தான். கடைசிப் பழத்த, சீக்கிரம் தீந்துடக் கூடாதுன்னு ரெண்டாக் கடிச்சுத் தின்னாரு."

டோரீன் அழத்தான் செய்தாள், சிரித்துச் சிரித்து. வீடு வந்து சேர்வதற்குள் காரில் என்னை நான்கு முறை சொல்ல வைத்தாள்.

"அந்தக் கடைசிப் பழம் இருக்கே, அத மட்டும் இன்னொரு தரம் சொல்லுடி."