அழிந்துபோன கஞ்சிப் பக்குவம்

குடவாசல் பக்கம் விவசாயம் செய்கிறேன். எங்கள் வயல் அரிசியை விற்க, செல்போனில் தட்டுத்தடுமாறி நானே ஒரு வெப்சைட் போட்டேன். பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போன என் மனைவி, கஞ்சி வைக்கும் பக்குவத்தை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். பல நாள் உட்கார்ந்து அதை ஏற்றினேன்.

மங்கலான ஒரு படத்தை நீக்கப் போய், அந்தப் பக்கத்தையே அழித்துவிட்டேன். தேடியும் கிடைக்கவில்லை. அவள் பட்ட பாடு வீணாயிற்றே என்றிருந்தது. அவளிடம் சொன்னேன்.

சிரித்துவிட்டாள். "களை பறிக்கச் சொன்னா... பயிரப் பறிச்சிட்டீங்களே! எழுதுங்க, திரும்பச் சொல்றேன்."

இந்த முறை குழறல் குறைந்து, முன்பைவிடத் தெளிவாகச் சொன்னாள்.

இப்போது எதை நீக்கும் முன்பும் நகல் எடுத்துவிடுகிறேன். அது அவளுக்குத் தெரியாது. அழிந்துவிட்டது என்று நான் பொய் சொன்னால்தான் திரும்பப் பேசுகிறாள்.